பன்றி தொட்டிக்கு வரவில்லையா? புதிதாக வளர்ப்பவர் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

முதல் ஆண்டில் என்னிடம் இருந்தவை மூன்றே பன்றிகள். மருந்துப் பெட்டி மட்டும் முப்பது பன்றிக்குப் போதுமானதாக இருந்தது. இருமினால் ஊசி, கழிந்தால் மாத்திரை என்று ஓடிக்கொண்டிருந்தேன். ஆண்டு முடிவில் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தால், வந்த கோளாறுகளில் பெரும்பாலானவை தண்ணீரிலோ படுக்கையிலோ தீவனத்திலோ தொடங்கியிருந்தன. ஆகவே கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் அந்த மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்கிறேன். சில இடங்களில் மட்டும் இந்த வரிசை செல்லாது. அங்கே எதையும் சோதித்துக்கொண்டிருக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். அவற்றை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

அறிகுறிக்குப் போகும் முன் ஐந்து நிமிடம்

நலமான பன்றியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 38.5 முதல் 39.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். 40 தாண்டினால் காய்ச்சல் என்று கொள்ளலாம். வெப்பமானியின் முனையில் நூல் கட்டி, மறுமுனையில் ஒரு கவ்வியை மாட்டி, அதை வாலடி மயிரில் பிடிக்கவிடுங்கள். இல்லாவிட்டால் பன்றி ஒரு துள்ளலில் வெப்பமானியை வைக்கோலுக்குள் அனுப்பிவிடும். வயிற்றைச் சொறிந்துகொடுத்தால் பழகிய பன்றி தானே சரிந்து படுக்கும். அப்போது ஆசனவாயில் வைத்து அளப்பது எளிது. துரத்திப் பிடித்து அளந்த எண்ணை நம்பாதீர்கள். ஓடிய பன்றிக்கு வெப்பம் ஏறியே இருக்கும்.

மூச்சை, படுத்திருக்கும்போது விலாவைப் பார்த்து எண்ணுங்கள். வளர்ந்த பன்றி ஓய்வில் நிமிடத்துக்கு 15 அல்லது 20 தடவை மூச்சுவிடும். குட்டிகளுக்குக் கூடுதலாக இருக்கும்.

பிறகு, அவை படுத்திருக்கும் விதம். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடந்தால் குளிர்கிறது. ஒன்றையொன்று தொடாமல் கால் நீட்டிச் சிதறிக் கிடந்தால் புழுங்குகிறது. விலாவோடு விலா ஒட்டிப் படுத்திருந்தால் சரியாக இருக்கிறது. ஒன்று மட்டும் கூட்டத்தைவிட்டு மூலையில் தனியாகக் கிடந்தால், அன்றைக்கு உங்கள் வேலை அதனிடம்தான்.

தீவனத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது

புதியவரை அதிகம் பதறவைக்கும் அறிகுறி இது. எனக்கும் இதில்தான் முதல் பாடம். காது பெரிதான பெட்டை ஒன்று தொட்டிக்கு வந்தது, ஒரு வாய் எடுத்தது, மென்றது, பாதியைக் கீழே விட்டுவிட்டு நிப்பிளுக்கு (பன்றி கடித்து அழுத்தினால் தண்ணீர் வரும் குழாய்முனை) போய் அதைக் கடித்துக்கொண்டு நின்றது. நான் அதை விளையாட்டு என்று நினைத்தேன். அன்று ஒரு வைட்டமின் ஊசி போட்டேன். மறுநாளும் அதே கதை. மாலையில் ஏதோ தோன்றி நிப்பிளைக் கட்டைவிரலால் அழுத்தினேன். நூலிழைபோலத் தண்ணீர் வந்தது. கழற்றினால் உள்ளே சல்லடையில் துருவும் மணலும் பட்டாணி அளவுக்கு உருண்டு அடைத்திருந்தன. பழைய பல்துலக்கியால் தேய்த்துத் திரும்ப மாட்டுவதற்குள் அது என் முழங்கையை மூஞ்சியால் தள்ளிக்கொண்டு வந்து நின்றது. குடித்து முடித்ததும் நேராகத் தொட்டிக்குப் போனது.

எனவே முதல் சோதனை: ஒரு பாத்திரத்தை நிப்பிளுக்குக் கீழே பிடித்து ஒரு நிமிடம் அழுத்துங்கள். வளரும் பன்றிக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் அளவில் வர வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு இரண்டு லிட்டர். தண்ணீர் குறைந்த பன்றி தீவனத்தையும் குறைத்துக்கொள்ளும். வெயில் குழாயில் சுட்டுக் கொதிக்கும் தண்ணீரையும் அது தொடாது. குழாய் திறந்த வெளியில் ஓடினால் நண்பகலில் தொட்டுப் பாருங்கள்.

தண்ணீர் சரி என்றால் தீவன மூட்டைக்குள் கையை விடுங்கள். வெதுவெதுப்பாக இருக்கிறதா, கட்டி கட்டியாக வருகிறதா, மண்வாடை அடிக்கிறதா? பூஞ்சை பிடித்த தானியத்தைப் பன்றி நம்மைவிட முன்னதாக அறிந்து ஒதுக்கிவிடும். சில பூஞ்சை நஞ்சுகள் பருவத்துக்கு வராத பெட்டைக் குட்டியின் பிறப்புறுப்பையும் சிவந்து வீங்கச் செய்யும். பருவம் வந்துவிட்டது என்று பலர் அதைத் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். பூஞ்சை பிடித்த மூட்டையில் மேலாக வாரிவிட்டு மிச்சத்தைக் கொடுப்பது சிக்கனமாகாது.

வளர்ந்த பெட்டை ஓரிரு நாள் தீவனத்தைக் குறைத்து, உறுமிக்கொண்டு, மற்றவற்றின்மேல் ஏறினால் அது பருவம்தான். 21 நாளுக்கு ஒருமுறை வரும். முதுகைக் கையால் அழுத்தினால் அசையாமல் காதை விறைத்துக்கொண்டு நிற்கும். இதற்கு மருந்து கிடையாது.

இத்தனையும் பார்த்த பிறகும் தின்னவில்லை, வெப்பமானி 40-க்கு மேல் காட்டுகிறது என்றால் மருத்துவரை அழையுங்கள்.

வட்டமடிக்கிறது, சுவரில் தலையை முட்டுகிறது, வலிப்பு வருகிறது

இங்கே நேரம் கடத்தக் கூடாது. காதில் சீழ், மூளையுறை அழற்சி என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் சிறு கொட்டகையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது உப்பு நஞ்சு. பெயரைக் கேட்டு உப்பைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டோமோ என்று குழம்ப வேண்டாம். தீவனத்தில் உப்பு சரியாகவே இருந்தாலும், ஒரு நாளுக்கு மேல் தண்ணீர் இல்லாமல் போனால் இது வரும். பன்றி கண் தெரியாததுபோல அலையும். நாய்போல உட்கார்ந்து, மூஞ்சியை மேலே தூக்கி, பின்பக்கமாகச் சாய்ந்து வலிப்பில் விழும்.

தண்ணீர் இல்லை என்று கண்டுபிடித்த நொடியில் நமக்குத் தோன்றுவது குழாயைத் திறந்து ஆசை தீரக் குடிக்கவிடுவது. அதுதான் கொல்லும். உப்பேறிய மூளைக்குள் தண்ணீர் திடீரென்று பாய்ந்து வீக்கம் கூடிவிடும். மணிக்கு ஒருமுறை உடல் எடையில் 0.5 சதவீதம் அளவில், அதாவது 60 கிலோ பன்றிக்கு 300 மில்லி வீதம் கொடுத்துக்கொண்டே மருத்துவரை அழையுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை நிப்பிளை அழுத்திப் பார்ப்பவருக்கு இந்தப் பத்தி தேவைப்படாது.

வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறது

வெயிலா நோயா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பன்றிக்கு வியர்த்துக் குளிரும் வசதி கிடையாது. கொழுத்த பன்றி 25 டிகிரிக்கு மேலேயே வருந்தத் தொடங்கும். மூச்சு நிமிடத்துக்கு 40-ஐத் தாண்டினால் வெப்பம் தாங்கவில்லை என்று பொருள். இந்த நிலையில் அதை நடக்கவைக்காதீர்கள்; நிழலை அதனிடம் கொண்டுபோங்கள். சாக்கையோ தார்ப்பாயையோ மேலே கட்டுங்கள். சாதாரணத் தண்ணீரைக் கால், வயிறு, முதுகு என்று கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் காற்று படவிடுங்கள். பனிக்கட்டித் தண்ணீரை ஒரேயடியாகக் கவிழ்க்க வேண்டாம். வாய்க்குள் தண்ணீர் ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். குடிக்க அருகில் வையுங்கள்.

நிரந்தரத் தீர்வு சேற்றுக்குழிதான். தெளிந்த தண்ணீர் உடம்பிலிருந்து விரைவில் காய்ந்துவிடும். சேறு ஈரத்தைப் பிடித்துவைத்து நெடுநேரம் குளிர்விக்கும். வெள்ளைத்தோல் பன்றிகளுக்கு வெயில் சுட்டுக் காதும் முதுகும் வெந்துபோவதையும் அது தடுக்கும். பன்றி அழுக்குப் பிராணி என்று சொல்பவர்களுக்கு வெயிலில் ஒரு மணி நேரம் நின்று பார்க்கும்படி யோசனை சொல்லலாம்.

வெயில் இல்லாத நேரத்திலும் மூச்சு வாங்கினால், வயிற்றுப்பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் அடிவயிறு திடுக்திடுக்கென்று இழுத்தால், கூடவே காய்ச்சலும் இருந்தால், அது நுரையீரல் அழற்சி. மருத்துவர் வர வேண்டும்.

இருமல்

காலையில் எழுப்பிவிட்டதும் ஓரிரு இருமல் இருமிவிட்டு ஓய்ந்தால், தூசித் தீவனத்தைச் சந்தேகியுங்கள். தண்ணீர் தெளித்துப் பிசைந்து கொடுத்தால் நிற்கும். அடுத்து, கொட்டகைக்குள் குனிந்து உங்கள் மூக்கைப் பன்றியின் மூக்கு உயரத்துக்குக் கொண்டுபோய் இழுத்துப் பாருங்கள். நின்றபடி தெரியாத அம்மோனியா அங்கே கண்ணைக் கரிக்கும். கரித்தால் ஈரப் படுக்கையை அள்ளி வெளியேற்றுங்கள். காற்றோட்டம் மேலே இருக்கட்டும், படுக்கை மட்டத்தில் வேண்டாம்.

மூன்றாவது காரணம் உருண்டைப்புழு. அதன் இளம்புழுக்கள் கல்லீரல் வழியாக நுரையீரலுக்கு ஏறி, இருமலோடு தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு மறுபடி குடலுக்குப் போகும். இருமல் மருந்து கொடுத்துப் பயனில்லை. குடற்புழு நீக்க வேண்டும். அதன் முட்டை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆகவே வாங்கிவந்த குட்டிகளைப் புழு நீக்காமல் மேய்ச்சல் பட்டிக்குள் விட்டால், அடுத்தடுத்து வரும் குட்டிகளுக்கும் சேர்த்து விதைத்துவைத்தது போலாகும்.

கழிச்சல்

வயதைக் கேட்காமல் கழிச்சலுக்கு மருந்து சொல்பவரை நம்பாதீர்கள். பிறந்து மூன்று நான்கு நாளுக்குள் தண்ணீராக மஞ்சள் கழிச்சல் என்றால் பெரும்பாலும் ஈ.கோலை கிருமி. சீம்பால் போதவில்லை, படுக்கை ஈரம், குளிர் என்பவை பின்னணியில் இருக்கும். குட்டிக்கு முதல் வாரம் 32 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். தாய்க்கோ 20 டிகிரியே போதும். அதனால்தான் குட்டிகளுக்கென்று விளக்கு வைத்த தனி மூலை.

ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள் பசைபோன்ற மஞ்சள் கழிச்சல் வந்து, ஆன்டிபயாடிக் கொடுத்தும் அசையவில்லை என்றால் அது காக்சிடியா என்னும் குடல் ஒட்டுண்ணி. மருந்தே வேறு. பால் மறக்கடித்த முதல் பத்து நாளில் வருவது தீவன மாற்றத்தால் தூண்டப்படுவது. பழைய தீவனத்தோடு புதியதை ஏழெட்டு நாளில் சிறிது சிறிதாகக் கூட்டிக் கலப்பவருக்கு இது குறைவு. இதே பருவத்தில் கொட்டகையிலேயே கொழுகொழுவென்று இருந்த குட்டி இமை வீங்கித் தள்ளாடினாலோ காலையில் செத்துக்கிடந்தாலோ வீக்க நோய் என்று சந்தேகித்து, மற்ற குட்டிகளின் தீவனத்தைக் குறைத்துவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள்.

வளர்ந்த பன்றிக்கு ஒருநாள் இளகினால் பொறுத்திருந்து பார்க்கலாம். சளியும் இரத்தமும் கலந்து வந்தால் பொறுக்கக் கூடாது. கருந்தார்போலச் சாணமிட்டுக் காது வெளுத்திருந்தால் இரைப்பைப் புண். மாவாக அரைத்த தீவனம் அதைத் தூண்டும் காரணங்களில் ஒன்று.

எந்த வயதானாலும் குட்டியைக் கொல்வது நீரிழப்புதான். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நிற்கிறதா, கண் குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். மனிதருக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இங்கேயும் உதவும். ஆழமில்லாத தட்டில் வையுங்கள், அருகே வெறும் தண்ணீரும் இருக்கட்டும்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குட்டி கழியவில்லை, ஆனால் வெளுத்து, சிறு ஓட்டத்துக்கே இளைக்கிறது, அதுவும் இருப்பதிலேயே பெரிய குட்டி என்றால் இரத்தசோகை. குட்டிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் இரும்பு தேவை. தாய்ப்பாலில் கிடைப்பது ஒரு மில்லிகிராம். சிமெண்ட் தரையில் பிறந்த குட்டிக்கு மூன்றாம் நாள் வாக்கில் 200 மில்லிகிராம் இரும்பு ஊசி போடுவது அதனால்தான்.

சொறிந்துகொண்டே இருக்கிறது

காதுக்குப் பின்னாலும் தொடையிடுக்கிலும் மயிரை விலக்கிப் பாருங்கள். பன்றிப்பேன் நான்கைந்து மில்லிமீட்டர் நீளம் இருக்கும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். பேன் இல்லை, காதுக்குள் பழுப்பு நிறப் பொருக்கு, தோல் தடித்துச் சுருங்கியிருக்கிறது என்றால் சொறிப்பூச்சி. இரண்டுக்கும் ஐவர்மெக்டின் என்னும் ஒட்டுண்ணி மருந்து வேலை செய்யும். முட்டையிலிருந்து வருவதையும் பிடிக்க இரண்டு வாரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும். சொறியும் பன்றிக்கு மட்டும் கொடுத்து மற்றதை விட்டால் ஒரு மாதத்தில் திரும்பவும் இதே இடத்துக்கு வருவீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் போடுங்கள், படுக்கையையும் அன்றே மாற்றுங்கள். தேதியைச் சுவரில் எழுதிவையுங்கள். மருந்துச் சீட்டில் சொன்ன நாள்கள் கழியும்வரை அந்தப் பன்றி இறைச்சிக்குப் போகக் கூடாது.

தோலில் சிவப்பு, நீலம், திடீர்ச் சாவு

தடவினால் கைக்குத் தட்டுப்படும்படி எழும்பிய, சாய்சதுர வடிவச் சிவப்புத் தழும்புகள் முதுகிலும் விலாவிலும் இருந்தால் எரிசிபெலாஸ் என்னும் பாக்டீரியா நோய். காய்ச்சல் 41, 42 என்று ஏறும். பென்சிலின் நேரத்தோடு கிடைத்தால் ஒரு நாளிலேயே முகம் தெளியும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை போடாமல் அதைத் தொடாதீர்கள், நமக்கும் தொற்றும்.

கடுங்காய்ச்சலோடு காது, அடிவயிறு, கால் ஆகியவை செந்நீலமாக மாறி, ஒன்றன்பின் ஒன்றாகச் சாகத் தொடங்கினால் அது பன்றிக் காய்ச்சலாகவோ (அதே பெயரில் மனிதருக்கு வரும் ஃப்ளூ அல்ல, இது வேறு நோய்) ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலாகவோ இருக்கலாம். பார்த்த மாத்திரத்தில் இரண்டையும் பிரிக்க முடியாது. ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 1921-இல் கென்யாவிலிருந்து முதன்முதலாக விவரிக்கப்பட்டது. 2007-இல் ஜார்ஜியாவுக்கும் 2018-இல் சீனாவுக்கும் போய்ச் சேர்ந்தது. மனிதருக்கு ஒட்டாது, வந்த பன்றிக்குச் சிகிச்சை கிடையாது.

செய்ய வேண்டியதைவிடச் செய்யக் கூடாததே இங்கே முக்கியம். செத்ததை அறுத்துப் பார்க்காதீர்கள். மிச்சமிருப்பதை அவசரமாக விற்காதீர்கள், இடம் மாற்றாதீர்கள். பட்டியை மூடி, போட்ட காலணியோடு வேறு பன்றிகளிடம் போகாமல், கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

எச்சில் சோற்றைப் பற்றியும் இங்கேதான் பேச வேண்டும். சமையலறைக் கழிவில் பன்றியை வளர்த்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான் பலர் தொடங்குகிறார்கள். உப்பிட்டு உலர்த்திய இறைச்சியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். 2001-இல் பிரிட்டனில் பரவிய கோமாரி, முறையாக வேகவைக்காத எச்சில் தீவனத்திலிருந்து தொடங்கியதாக அறியப்படுகிறது. அதை அடக்க 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொல்ல நேர்ந்தது. எச்சில் தீவனத்தையே தடை செய்த நாடுகள் உண்டு. உங்கள் ஊர்ச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தோட்டத்துக் காய், கீரை, விழுந்த பழம் போடலாம். தட்டிலிருந்து வழித்தது எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி.

நொண்டுகிறது

குளம்பைக் கழுவிப் பாருங்கள், பிறகு பேசுவோம். ஆணி, கல், குளம்பிடுக்கு வெடிப்பு என்று பாதி அங்கேயே முடிந்துவிடும். குட்டிக்கு மூட்டு வீங்கிச் சுட்டால், தொப்புள் வழியாகவோ முழங்கால் சிராய்ப்பு வழியாகவோ கிருமி போயிருக்கிறது; ஊசி தேவை. ஒரே சமயத்தில் பல பன்றிகள் நொண்டி, மூஞ்சித் தட்டிலோ குளம்பின் மேல்விளிம்பிலோ கொப்புளம் தெரிந்தால் கோமாரி என்று நினைத்து, மேலே சொன்னபடி பட்டியை மூடுங்கள்.

வேலியைத் தாண்டிவிடுகிறது

சரியாகச் சொன்னால் தாண்டுவதில்லை, கீழே புகுந்துவிடுகிறது. கம்பி வலையின் அடிவிளிம்பில் மூஞ்சியைக் கொடுத்துத் தூக்கினால் கம்பமே ஆடும். மின்வேலிதான் சிக்கனம். தரையிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டரில் ஒரு கம்பி, 40 முதல் 45-இல் இன்னொன்று.

ஆனால் மின்வேலி கட்டிய அன்றே பன்றியை உள்ளே விட்டவர் எல்லோரும் அன்று மாலை தெருவில் ஓடியிருக்கிறோம். மூஞ்சியில் அதிர்ச்சி பட்டதும் பழகாத பன்றி பின்வாங்குவதில்லை. அலறிக்கொண்டு முன்னால் பாய்கிறது, கம்பியோடு போகிறது. அதற்குப் பழக்க வேண்டும். பலகையோ சுவரோ உள்ள உறுதியான சிறு பட்டிக்குள், சுவருக்கு ஒரு முழம் முன்னால் மின்கம்பியை ஓடவிட்டு, சில நாள் அங்கே வையுங்கள். முன்னே பாய்ந்தால் சுவர் என்பதால் பின்னே நகரக் கற்றுக்கொள்ளும். கற்ற பிறகு கம்பியை எடுத்துவிட்டாலும் அந்தக் கோட்டைத் தாண்டத் தயங்கும். என்னுடையவற்றைப் புதுப் பட்டிக்கு மாற்ற, கம்பி இருந்த தடத்தின்மேல் வைக்கோல் பரப்பி மறைத்து, தீவன வாளியோடு அரை மணி நேரம் கெஞ்ச வேண்டியிருந்தது. பழகியும் வெளியேறினால் கம்பியைச் சுற்றி நடந்து பாருங்கள். கிளறிய மண்ணோ வளர்ந்த புல்லோ கம்பியைத் தொட்டு மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும்.

வெளியே போனதைத் துரத்தாதீர்கள். அதற்குப் பக்கவாட்டுப் பார்வை அகலம், இடைவெளி எங்கே தெரிந்தாலும் அங்கே பாயும். ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு அது பார்க்கும் இடைவெளியை அடைத்தபடி மெதுவாக நடங்கள். தீவன வாளியைத் தட்டும் ஓசைக்குத் தினமும் பழக்கியிருந்தால் அதுவும் தேவைப்படாது. இரண்டடி தூரம் நகர்த்த மறுக்கும் பன்றியின் தலையில் வாளியைக் கவிழ்த்தால் அது பின்னோக்கி நடக்கும். வாலைப் பிடித்துத் திசை காட்டலாம். பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் பயனுள்ள உத்தி.

வாலைக் கடிக்கிறது

கடிபட்டதை உடனே பிரித்துவையுங்கள், இரத்த வாடை மற்றவற்றையும் இழுக்கும். புண்ணைக் கழுவி மருந்திடுங்கள். பிறகு ஏன் என்று பாருங்கள்: நெரிசல், சலிப்பு, தொட்டியில் இடம் போதாமை, உப்போ புரதமோ குறைந்த தீவனம், காற்றில்லாத கொட்டகை. கடிக்க வைக்கோலும் பச்சைக்கிளையும் போட்ட பட்டியில் இது அரிது. வளர்ந்த பன்றி காலை நீட்டிப் படுக்க மட்டுமே ஒரு சதுர மீட்டர் ஆகும். தின்ன, திரும்ப, சாணமிட எல்லாம் அதற்குமேல். நெரிசலுக்குப் பயந்து ஒற்றைப் பன்றியாக வளர்க்க நினைக்காதீர்கள். குறைந்தது இரண்டு வேண்டும். தனிப் பன்றி சரியாகத் தின்னாது, வேலியை விடாது.

எடை ஏறவில்லை

முதலில் உண்மையிலேயே ஏறவில்லையா என்று அளங்கள். தினம் பார்க்கும் கண் ஏமாற்றும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், இரு காதுக்கு நடுவிலிருந்து வாலடி வரை நீளத்தையும் மீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 69.3-ஆல் பெருக்கினால் ஏறத்தாழக் கிலோ வரும். சுற்றளவு 0.90, நீளம் 1.0 என்றால் 56 கிலோ. வாரம் ஒருமுறை எழுதிவையுங்கள்.

இரண்டு மாதக் குட்டி 15 முதல் 20 கிலோ. சரிவிகிதத் தீவனத்தில் ஆறேழு மாத வயதில் 100 கிலோவைத் தொட வேண்டும். 50 கிலோ பன்றிக்கு நாளொன்றுக்கு இரண்டு கிலோ தீவனம் என்பது தோராயக் கணக்கு. அளவு சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் தரத்தைப் பாருங்கள். தவிட்டாலும் கிழங்காலும் வயிறு நிரம்பும், சதை பிடிக்காது. பால் மறந்த குட்டிக்கு 18 சதவீதம், வளரும் பருவத்தில் 16, கடைசிக் கட்டத்தில் 14 சதவீதம் அளவில் புரதம் வேண்டும். ஒன்று மட்டும் தேறவில்லை என்றால் தீவன நேரத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். பெரியது அதைத் தோளால் இடித்து ஒதுக்குவது தெரியும். தொட்டியை நீளமாக்குங்கள், அல்லது இரண்டு இடத்தில் வையுங்கள். எல்லாமே தேறவில்லை, வயிறு மட்டும் உப்பி மயிர் சிலிர்த்திருக்கிறது என்றால் புழு.

படுக்கையிலேயே சாணமிடுகிறது

இடம் கிடைத்தால் படுக்கையை விட்டு விலகிப் போய்ச் சாணமிடும் பிராணி இது. புதுக் கொட்டகையில் முதல் நாளே வேண்டிய மூலையை நனைத்துக் கொஞ்சம் சாணத்தையும் போட்டுவிடுங்கள், எதிர்மூலையில் காய்ந்த படுக்கை. பழகியது திடீரென மாறினால் புழுக்கம் காரணமாக இருக்கும். ஈர மூலை குளிர்ச்சி என்று அங்கே படுத்துக்கொண்டு, காய்ந்த இடத்தைக் கழிப்பிடமாக்கிவிடுகிறது. மனிதக் கழிப்பிடத்தின் பக்கம் மட்டும் பன்றி போகாமல் அடைத்துவிடுங்கள். நாடாப்புழு முட்டை அங்கிருந்துதான் அதன் தசைக்குப் போய்க் கொப்புளமாகிறது.

ஈற்று நேரக் கோளாறுகள்

முதல் ஆண்டிலேயே சினைப்பன்றி வாங்க வேண்டாம் என்பேன். வாங்கியிருந்தால் 114 நாள் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். வைக்கோலை வாயில் கவ்விக் கூடு கட்டத் தொடங்கி, மடியை அழுத்தினால் பால் வந்தால் ஒரு நாளுக்குள் ஈனும். குட்டிக்குக் குட்டி இடைவெளி பெரும்பாலும் 15, 20 நிமிடம். முக்கிக்கொண்டே முக்கால் மணி நேரம் கடந்தும் குட்டி வராவிட்டால் மருத்துவரை அழையுங்கள். தாய் அமுக்கிக் கொல்வது முதல் மூன்று நாளில் அதிகம். சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் 20, 25 சென்டிமீட்டர் விட்டு ஒரு குழாயைச் சுற்றிலும் பொருத்தினால், சரியும் தாய்க்கும் சுவருக்கும் நடுவே குட்டி ஒதுங்க இடம் கிடைக்கும்.

ஈன்ற இரண்டு மூன்று நாளில் தாய் தின்னாமல், மடியை மறைத்துக் குப்புறப் படுத்து, மடி கல்லாகச் சுட, குட்டிகள் வயிறு ஒட்டிக் கத்தினால் மடிவீக்கமும் பால் வற்றலும். அன்றே ஊசி போட்டாக வேண்டும். அதுவரை குட்டிகளுக்கு மாற்றுப்பாலைச் சிறுகச் சிறுகக் கொடுத்துச் சூட்டில் வையுங்கள்.

மருத்துவரை அழைக்கும்போது

"பன்றி சோர்ந்திருக்கிறது" என்று மட்டும் சொன்னால் அவர் எந்த மருந்தை எடுத்துக்கொண்டு வருவார்? வயது, எடை, வெப்பம், மூச்சு எண்ணிக்கை, எத்தனை பன்றிக்கு, எப்போதிலிருந்து, தீவனம் மாறியதா, தண்ணீர் எப்படி, ஏற்கெனவே என்ன கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு பேசுங்கள். வருவதற்குள் பன்றியைச் சிறிய இடத்தில் அடைத்துவையுங்கள். முடிந்தால் வெளிச்சம் இருக்கும்போதே அழையுங்கள். இருட்டில் கைவிளக்கோடு பன்றி பிடிக்கும் வேலைக்கு யாரும் இரண்டாம் முறை வரமாட்டார்கள்.